‘ஜஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் பேசவே வராது என்று சொல்கிறவர்கூட ஒரு நாளைக்குப் பலமுறை ‘ஜஸ்ட்’ சொல்லிவிடுகிறார். ‘ஜஸ்ட் ரெண்டு நிமிஷம் இருங்க’, ‘கணக்குல ஜஸ்ட் பாஸ்’, ‘லாரி உரசிட்டுப் போச்சு, ஜஸ்ட் மிஸ்’ என்றெல்லாம் தமிழுக்கு நடுவே அது தடங்கலே இல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முழு ஆங்கில வாக்கியம் பேசவோ எழுதவோ தொடங்கும்போதுதான் தயக்கம் வருகிறது. வினைச்சொல்லுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? ‘இப்போதுதான்’ என்று எடுத்துக்கொள்வதா, ‘மட்டும்’ என்று எடுத்துக்கொள்வதா? மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் போட்டால் பணிவாக இருக்குமா, அலட்சியமாக இருக்குமா?

ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் பிரித்தால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது ‘நியாயமான, நேர்மையான’ என்ற பொருள். அன்றாடப் பேச்சில் மிகக் குறைவாக வருவது அந்தப் பொருள்தான். அதை மனப்பாடம் செய்த ஒரு மாணவர் ‘ஐ ஜஸ்ட் கேம்’ என்ற வாக்கியத்தைப் பார்த்தால் என்ன செய்வார்? ‘நான் நியாயமாக வந்தேன்’ என்றா புரிந்துகொள்வது?

இந்தச் சொல்லுக்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் தேடுவதை முதலில் நிறுத்திவிடுங்கள். அது எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். அந்தச் சொல்லோடு தமிழில் ‘தான்’ சேருமா, ‘மட்டும்’ சேருமா, ‘சும்மா’ சேருமா என்று கேளுங்கள். பாதிக்கு மேற்பட்ட குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதல் படி: நியாயத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

‘ஜஸ்ட்’ பெயரடையாக வரும்போதுதான் நியாயம் என்ற பொருள் தரும். ‘அ ஜஸ்ட் சொசைட்டி’ என்றால் நியாயமான சமூகம். ‘அ ஜஸ்ட் டிமாண்ட்’ என்றால் நியாயமான கோரிக்கை. பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்து, ‘ஜஸ்ட்’ அதன் தன்மையைச் சொன்னால் இந்தப் பொருள். எதிர்ச்சொல் ‘அன்ஜஸ்ட்’.

லத்தீனில் சட்டம், உரிமை என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ‘ஜஸ்டிஸ்’ அதே குடும்பம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் சமூக, பொருளாதார, அரசியல் நீதி என்று வரும் இடத்தில் ஆங்கில மூலத்தில் இருப்பது அந்தச் சொல்தான். 1916-இல் தொடங்கிய தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை மக்கள் ஜஸ்டிஸ் கட்சி, நீதிக்கட்சி என்று அழைத்ததற்கும் அது நடத்திய ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கில நாளிதழே காரணம். கணினியில் பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்க நாம் அழுத்தும் ‘ஜஸ்டிஃபை’யும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

‘நியாயமாக’ என்று வினையடையாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஜஸ்ட்லி’ தேவை. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

‘ஹி வாஸ் ஜஸ்ட்லி பனிஷ்ட்.’ அவருக்குக் கிடைத்தது நியாயமான தண்டனை.

‘ஹி வாஸ் ஜஸ்ட் பனிஷ்ட்.’ அவருக்கு இப்போதுதான் தண்டனை கொடுத்தார்கள்.

‘லி’ என்ற ஓர் ஒலிதான் வித்தியாசம், செய்தியே மாறிவிட்டது. நியாயம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். நாளிதழ் தலையங்கம், நீதிமன்றத் தீர்ப்பு, மேடைப்பேச்சு ஆகியவற்றில் அதைச் சந்திப்பீர்கள். வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் சந்திக்கப்போவது வினையடையான ‘ஜஸ்ட்’.

நியாயத்திலிருந்து ‘மட்டும்’, ‘இப்போதுதான்’ என்றெல்லாம் பொருள் எப்படிப் போனது என்று கேட்கத் தோன்றும். நியாயமானது என்பது சரியானது. சரியானது என்பது அளவு பிசகாதது. அளவு பிசகாதது என்றால் அவ்வளவுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கிருந்து ‘மட்டும்’ என்பதும் ‘மயிரிழையில்’ என்பதும் ஒரு எட்டு தூரம்தான். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பொருள்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாகத் தோன்றாது.

இரண்டாம் படி: இடத்தைப் பிடியுங்கள்

தமிழில் அழுத்தம் கொடுக்கும் சொற்கள் பின்னால் ஒட்டும். அவன்தான், இங்கேதான், இரண்டு மட்டும். ஆங்கில ‘ஜஸ்ட்’ முன்னால் நிற்கும். இந்த ஒரு வித்தியாசம் நம் ஆங்கிலத்தில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘அவர் இங்கேதான் இருக்கார்’ என்பதை ‘ஹி இஸ் ஹியர் ஒன்லி’ என்கிறோம். ‘நேத்துதான் வந்தேன்’ என்பது ‘ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி’ ஆகிறது. தமிழின் ‘தான்’ பின்னால் வருவதால் ‘ஒன்லி’யையும் பின்னால் தள்ளிவிடுகிறோம். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளியூர்க்காரர் ஒரு கணம் விழிப்பார். அவர் சொல்வது ‘ஹி’ஸ் ரைட் ஹியர்’, ‘ஐ ஜஸ்ட் கேம் யெஸ்டர்டே’ அல்லது ‘ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே’.

இடம் பற்றிய விதி சுருக்கமானது. வினைச்சொல் ஒன்றே ஒன்று இருந்தால் அதற்கு முன்னால்: ‘ஐ ஜஸ்ட் வான்ட் காஃபி.’ துணைவினை இருந்தால் அதற்கும் முதன்மை வினைக்கும் நடுவில்: ‘ஷி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்.’ ‘ஈஸ், ஆர், வாஸ்’ வகை வினை இருந்தால் அதற்குப் பின்னால்: ‘இட் இஸ் ஜஸ்ட் அ ஸ்க்ராட்ச்.’ ஒரு பெயர்ச்சொல்லையோ எண்ணையோ மட்டும் குறிக்க வேண்டுமானால் நேராக அதற்கு முன்னால்: ‘ஐ ஹேவ் ஜஸ்ட் டென் ருப்பீஸ்.’

வாக்கியத்தின் கடைசியில் மட்டும் வைக்காதீர்கள். ‘ஐ ரீச்ட் நவ் ஜஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் கிடையாது.

மூன்றாம் படி: நேரத்தைச் சொல்லும் ‘ஜஸ்ட்’

நமக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான், அதிகம் சறுக்குவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

‘இப்பதான் சாப்பிட்டேன்’ என்பதைப் பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பார்கள். அமெரிக்க வழக்கில் ‘ஐ ஜஸ்ட் எய்ட்’ என்ற சாதாரண இறந்தகாலமே போதும். இரண்டும் சரி. நம் பள்ளிகளில் இலக்கணம் பிரிட்டிஷ் வழியில் நடப்பதால் தேர்விலும் முறையான கடிதத்திலும் ‘ஹேவ் ஜஸ்ட்’ பாதுகாப்பானது. அமெரிக்க நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசும்போது மற்றதைப் பயன்படுத்தினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

‘ஜஸ்ட் நவ்’ என்ற இணை தனிக் கதை. ‘ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்’ என்றால் சற்று முன் பார்த்தேன். இந்தப் பொருளில் வினை இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் ஜஸ்ட் நவ்’ என்று நம்மில் பலர் எழுதுகிறோம், அதைத் தவிருங்கள். ‘ஜஸ்ட்’ தனியாக வந்தால் ‘ஹேவ்’ சேரும், ‘ஜஸ்ட் நவ்’ என்று வந்தால் ‘ஹேவ்’ போய்விடும். ‘ஐ’ம் பிஸி ஜஸ்ட் நவ்’ என்று நிகழ்காலத்தில் வந்தால் இந்த நேரத்தில் வேலையாக இருக்கிறேன் என்று பொருள்.

‘இதோ இப்பவே வந்துடறேன்’ என்பதற்கு நம்மூரில் ‘ஐ வில் கம் ஜஸ்ட் நவ்’ என்று சொல்கிறோமே, அது? இந்தியருக்குப் புரியும். ஆங்கிலேயருக்குக் குழப்பம். தென்னாப்பிரிக்கருக்கோ நேர்மாறாகப் புரியும். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘இன்னும் கொஞ்ச நேரம் கழித்து’. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பது சொல்பவருக்கே வெளிச்சம். அங்கே சீக்கிரம் என்று சொல்ல ‘நவ் நவ்’ என்று இரட்டிப்பார்கள். டர்பனில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் இப்படித்தான் பேசுகின்றன. அங்கே உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் ‘ஐ’ல் கால் யூ ஜஸ்ட் நவ்’ என்ற பதிலைக் கேட்டுவிட்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம். எந்த நாட்டிலும் தவறாகப் புரியாத சொற்கள் வேண்டுமென்றால் ‘ரைட் நவ்’, ‘ரைட் அவே’. வந்துவிடுகிறேன் என்பதற்கு ‘ஐ’ல் பி ரைட் தேர்’.

இன்னொரு நேரப் பொருள், தொடங்கப்போகும் செயல். ‘ஐ வாஸ் ஜஸ்ட் அபவுட் டு கால் யூ’ என்றால் ‘நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன்’. ‘வி ஆர் ஜஸ்ட் லீவிங்’ என்றால் ‘கிளம்பிக்கிட்டே இருக்கோம்’. இங்கே ‘ஜஸ்ட்’ கடந்ததையும் சொல்லவில்லை, வெகுதூரத்தில் இருப்பதையும் சொல்லவில்லை. செயல் வாசற்படியில் நிற்கிறது.

நான்காம் படி: மட்டும், சும்மா

‘ஜஸ்ட் டூ இட்லிஸ், ப்ளீஸ்.’ இரண்டு இட்லி மட்டும். இந்த இடத்தில் ‘ஒன்லி’ போட்டாலும் பொருள் கெடாது. ஆனால் ‘ஒன்லி’ கொஞ்சம் கறார், ‘ஜஸ்ட்’ கொஞ்சம் இலகு. எழுத்தில், குறிப்பாக விதிமுறை, ஒப்பந்தம் போன்ற இடங்களில் ‘ஒன்லி’ பொருந்தும். ‘மெம்பர்ஸ் ஒன்லி’ என்று பலகை வைப்பார்கள், ‘ஜஸ்ட் மெம்பர்ஸ்’ என்று வைக்க மாட்டார்கள்.

‘சும்மா’வுக்கு வருவோம். தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் சும்மாவுக்கு ‘சிம்ப்ளி’ என்று போட்டுவிடுகிறோம். ‘வொய் டிட் யூ கம்?’ என்று கேட்டால் ‘சிம்ப்ளி ஐ கேம்’. ‘சிம்ப்ளி’க்கு எளிமையாக, வெறுமனே என்ற பொருள்கள் உண்டு. ஆனால் காரணமில்லாமல் வந்தேன் என்ற நம் சும்மாவை அது தாங்காது. ‘நோ ரீசன், ஐ ஜஸ்ட் ஃபெல்ட் லைக் கமிங்’ என்றால்தான் அந்தச் சும்மா முழுதாக வரும். ஏன் என்று கேட்டதற்கு ஒரே சொல்லில் ‘சும்மாதான்’ என்பதற்கு ‘ஜஸ்ட் பிகாஸ்’ என்று நிறுத்திவிடலாம், நண்பர்களுக்குள் சரியாக இருக்கும்.

கடைக்குப் போகும்போது ஒரு வாக்கியம் கைவசம் இருக்கட்டும். வெளிநாட்டுத் துணிக்கடையிலோ விமான நிலையக் கடையிலோ விற்பனையாளர் அருகில் வந்து ‘கேன் ஐ ஹெல்ப் யூ?’ என்பார். சும்மா பார்க்கிறேன் என்பதற்கு ‘ஐ’ம் ஜஸ்ட் லுக்கிங், தேங்க்ஸ்’. ‘நோ, நோ’ என்று தலையாட்டுவதைவிட எவ்வளவோ மேல். அவரும் புன்னகையோடு விலகிவிடுவார்.

ஐந்தாம் படி: அச்சு அசலாக அதே

‘ஷி லுக்ஸ் ஜஸ்ட் லைக் ஹர் மதர்.’ அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். ‘தேட்’ஸ் ஜஸ்ட் வாட் ஐ நீட்.’ எனக்கு வேண்டியது இதேதான். ‘ஜஸ்ட்’டின் பழைய ‘அளவு பிசகாத’ பொருள் இங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது. ‘இந்தத் தோசை அந்தக் கடைத் தோசைக்குச் சமம்’ என்று ஒப்பிட ‘ஜஸ்ட் ஆஸ் குட் ஆஸ்’ என்று போடலாம்.

தொழிற்சாலை உலகில் புகழ்பெற்ற ‘ஜஸ்ட் இன் டைம்’ முறையும் இந்தப் பொருளில் வந்ததுதான். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. உதிரிபாகங்களைக் கிடங்கில் குவித்து வைக்காமல், தேவைப்படும் பொருள், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில் வந்து சேர வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழக்கமான சொல் இது. பேச்சில் ‘யூ கேம் ஜஸ்ட் இன் டைம்’ என்றால் நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தாய், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் போச்சு என்று பொருள்.

ஆறாம் படி: மயிரிழையில்

இந்தப் பொருளைக் கற்க எனக்குத் தெரிந்த நல்ல வகுப்பறை ஆங்கில கிரிக்கெட் வர்ணனை. ஒரு ஓவரைக் காது கொடுத்துக் கேளுங்கள். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு விரற்கடை வெளியே போனால் ‘ஜஸ்ட் அவுட்சைட் ஆஃப் ஸ்டம்ப்’. தூக்கி அடித்த பந்து தடுப்பாளரின் விரல் நுனியைத் தாண்டினால் ‘ஜஸ்ட் ஓவர் த ஃபீல்டர்’. எல்லைக்கயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தால் ‘ஜஸ்ட் ஷார்ட் ஆஃப் த ரோப்’. ரன் அவுட்டில் மட்டை கோட்டைத் தாண்டிய அடுத்த கணம் ஸ்டம்ப் சிதறினால் ‘ஹி’ஸ் ஜஸ்ட் மேட் இட்’. நான்கிலும் ஒரே ‘ஜஸ்ட்’, நான்கிலும் இடைவெளி மிகச் சிறியது. பந்து எங்கே போனது என்பதைக் கண் பார்க்கிறது, அதற்கான சொல்லைக் காது கேட்கிறது. எந்த இலக்கணப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது.

அளவுகளிலும் இப்படித்தான். ‘ஜஸ்ட் அண்டர் ஃபைவ் தௌசண்ட்’ என்றால் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ‘ஜஸ்ட் ஓவர் ஃபைவ் தௌசண்ட்’ சற்று அதிகம். ‘ஜஸ்ட் அபவுட் ஃபைவ் தௌசண்ட்’ கிட்டத்தட்ட ஐயாயிரம்.

நம்முடைய ‘ஜஸ்ட் பாஸ்’, ‘ஜஸ்ட் மிஸ்’ இரண்டும் இங்கிருந்து பிறந்தவை. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்பதால் 35, 36 வாங்கியவர் ‘ஜஸ்ட் பாஸ்’. ஆனால் ‘ஐ ஜஸ்ட் பாஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டு விதமாகப் புரியலாம்: தட்டுத்தடுமாறித் தேர்ச்சி பெற்றேன், அல்லது இப்போதுதான் தேர்ச்சி பெற்றேன். சந்தேகமில்லாமல் சொல்ல ‘ஐ பேர்லி பாஸ்ட்’ அல்லது பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ ஒன்லி ஜஸ்ட் பாஸ்ட்’.

‘ஜஸ்ட் மிஸ்’ இன்னும் கவனம் கேட்கிறது. தமிழில் ஆபத்திலிருந்து தப்பினாலும் ‘ஜஸ்ட் மிஸ்’, பேருந்தைத் தவறவிட்டாலும் ‘ஜஸ்ட் மிஸ்’. ஆங்கிலத்தில் ‘ஐ ஜஸ்ட் மிஸ்ட் த பஸ்’ என்றால் பேருந்து போய்விட்டது, நீங்கள் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். லாரி மோதாமல் தப்பியதைச் சொல்ல ‘த லாரி ஜஸ்ட் மிஸ்ட் மீ’ என்று லாரியை எழுவாயாக வைக்க வேண்டும். அல்லது ‘தேட் வாஸ் க்ளோஸ்!’ என்று பெருமூச்சு விடலாம். ஆங்கிலேயர் அந்த இடத்தில் சொல்வதும் அதுதான்.

ஏழாம் படி: மென்மையும் கடுமையும்

இதைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் உண்மையில் உதவும் என்று நம்புகிறேன்.

‘ஐ வாண்ட் டு நோ த ஸ்டேட்டஸ்’ என்று ஒருவருக்கு எழுதினால் அதட்டிக் கேட்பது போல இருக்கும். ‘ஐ’ம் ஜஸ்ட் செக்கிங் ஆன் த ஸ்டேட்டஸ்’ என்றால் ‘ஒண்ணுமில்லை, சும்மா விசாரிச்சேன்’ என்ற தொனி வந்துவிடும். ‘ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங்’ என்று தொடங்கி ஒரு உதவி கேட்டால் எதிரில் இருப்பவர் மறுப்பதற்கும் இடம் கொடுத்துக் கேட்கிறீர்கள். தமிழில் ‘தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு சின்ன உதவி’ என்று தொடங்குவோமே, அந்த வேலையை ‘ஜஸ்ட்’ ஒற்றைச் சொல்லாகச் செய்கிறது.

ஆனால் அளவு வேண்டும். ‘ஐ ஜஸ்ட் வாண்டட் டு ஆஸ்க்… இட்’ஸ் ஜஸ்ட் அ ஸ்மால் கொஸ்டின்… ஐ ஜஸ்ட் தாட்…’ என்று ஒரே மின்னஞ்சலில் மூன்று முறை வந்தால் கேட்பதற்கே பயப்படுகிறவர் எழுதியது போல ஆகிவிடும். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு ‘ஜஸ்ட்’ போதும். நீங்கள் கேட்பது உங்கள் உரிமை என்றால், உதாரணமாகச் சம்பள பாக்கி, விடுமுறை ஒப்புதல் போன்றவை என்றால், அந்த ஒன்றும் வேண்டாம். ‘ஐ’ம் ரைட்டிங் அபவுட் மை பெண்டிங் சேலரி’ என்று நேராகவே எழுதுங்கள். மரியாதை குறையாது.

கட்டளை வாக்கியத்தில் நிலைமை தலைகீழ். நாம் ‘கொஞ்சம் இங்க வாங்க’ என்கிறோம். அந்தக் ‘கொஞ்சம்’ மரியாதைக்காக. அதை அப்படியே ‘ஜஸ்ட் கம் ஹியர்’ என்று ஆங்கிலத்தில் கொண்டுபோனால் ‘பேசாம இங்க வா’ என்று கேட்கும். ‘ஜஸ்ட் சிட் டவுன்’, ‘ஜஸ்ட் டூ இட்’, ‘ஜஸ்ட் டெல் மீ’ எல்லாவற்றிலும் ‘வேறெதுவும் பேசாதே, இதை மட்டும் செய்’ என்ற பொறுமையின்மை மறைந்திருக்கிறது. நைக்கி நிறுவனம் 1988 முதல் பயன்படுத்தும் ‘ஜஸ்ட் டூ இட்’ என்ற விளம்பர வாசகத்தின் வேகமே இதிலிருந்துதான் வருகிறது: யோசித்தது போதும், இறங்கிச் செய். விளம்பரத்துக்கு அது நன்றாக இருக்கிறது, மேலாளரிடம் சொல்ல முடியாது. அவரிடம் ‘குட் யூ கம் ஹியர் ஃபார் அ மினிட்?’ என்று கேள்வியாகக் கேட்டால் நம் ‘கொஞ்சம்’ முழுதாக வந்துவிடும்.

‘ஜஸ்ட் அ மினிட்’ மட்டும் விதிவிலக்கு. அது யாரிடமும் சொல்லக்கூடியது. பெரியவரிடம் என்றால் பின்னால் ‘ப்ளீஸ்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரலின் அழுத்தமும் பொருளை மாற்றும். ‘ஐ ஜஸ்ட் டோல்ட் யூ’ என்பதைச் சாதாரணமாகச் சொன்னால் இப்போதுதான் சொன்னேன் என்ற தகவல். ‘ஜஸ்ட்’டை அழுத்தினால் ‘இப்பதானே சொன்னேன்!’ என்ற எரிச்சல். அந்த ‘தானே’ ஆங்கிலத்தில் குரலில்தான் இருக்கிறது, சொல்லில் இல்லை.

எட்டாம் படி: ‘நாட்’ முன்னாலா, பின்னாலா?

‘ஐ ஜஸ்ட் டோன்ட் லைக் இட்.’ எனக்கு அது பிடிக்கவே இல்லை.

‘ஐ டோன்ட் ஜஸ்ட் லைக் இட், ஐ லவ் இட்.’ வெறுமனே பிடிக்கும் என்று மட்டுமல்ல, உயிர்.

இரண்டிலும் முதல் ஐந்து சொற்கள் அதே சொற்கள்தான். ‘ஜஸ்ட்’ மறுப்புக்கு முன்னால் வந்தால் மறுப்பை அழுத்துகிறது, தமிழின் ‘வே’ போல: பிடிக்கவே இல்லை, முடியவே இல்லை. மறுப்புக்குப் பின்னால் வந்தால் ‘மட்டுமல்ல’ ஆகிறது. ‘நாட் ஜஸ்ட் சென்னை, பட் த ஹோல் ஸ்டேட்’ என்றால் சென்னை மட்டுமல்ல, மாநிலம் முழுவதும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பாராட்ட நினைத்தது திட்டாகிவிடும் என்பதால் வாய்விட்டுச் சில முறை சொல்லிப் பழகுங்கள்.

ஒலிப்பு

வேகமான பேச்சில் ‘ஜஸ்ட்’டின் கடைசி ‘ட்’ பல நேரம் காணாமல் போகும். அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் ‘ஜஸ் நவ்’, ‘ஜஸ் லைக்’ என்றுதான் கேட்கும். உயிரொலியில் தொடங்கினால் ‘ட்’ அதனோடு ஒட்டிக்கொண்டு ‘ஜஸ்டமினிட்’ என்று ஒரே சொல்லாகும். நீங்கள் ‘ட்’டைத் தெளிவாகச் சொன்னாலும் தவறில்லை. கேட்கும்போது ‘ஜஸ்’ஸை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

அப்படியே மனத்தில் வைக்க வேண்டிய தொடர்கள்

‘ஜஸ்ட் இன் கேஸ்’: எதுக்கும் இருக்கட்டும். தமிழுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் ஆங்கிலத் தொடர் அபூர்வம். எதுக்கும் ஒரு நகல் எடுத்துக்கோங்க என்பதற்கு ‘டேக் அ காப்பி, ஜஸ்ட் இன் கேஸ்.’

‘ஜஸ்ட் ஆஸ் வெல்’: நல்லதாப் போச்சு. ‘இட்’ஸ் ஜஸ்ட் ஆஸ் வெல் வி டிட்ன்ட் கோ.’ நாம் போகாததும் நல்லதாப் போச்சு.

‘இட்’ஸ் ஜஸ்ட் தேட்…’: ‘வேற ஒண்ணுமில்லை, என்னன்னா…’ தயங்கிக் காரணம் சொல்லும்போது வருவது.

‘ஜஸ்ட் பிகாஸ்… டஸ்ன்ட் மீன்…’: ‘என்பதற்காக… என்று ஆகிவிடாது’. ‘ஜஸ்ட் பிகாஸ் ஹி’ஸ் க்வையட் டஸ்ன்ட் மீன் ஹி அக்ரீஸ்.’ அவர் பேசாமல் இருக்கிறார் என்பதற்காகச் சம்மதித்துவிட்டார் என்று ஆகிவிடாது. வாதாடும்போது மிகவும் பயன்படும் அமைப்பு.

‘ஜஸ்ட் மை லக்’: என் நேரம் அப்படி. கெட்டது நடக்கும்போது மட்டுமே சொல்வார்கள்.

பயிற்சி

கீழே உள்ள தமிழ் வாக்கியங்களை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், அப்புறம் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சிலவற்றில் ‘ஜஸ்ட்’ வராது, அதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

அம்மா இப்பதான் கோயிலுக்குக் கிளம்பினாங்க. ‘மதர் ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட் ஃபார் த டெம்பிள்.’ அமெரிக்க வழக்கில் ‘மாம் ஜஸ்ட் லெஃப்ட்’.

நான் இங்கேதான் இருக்கேன். ‘ஐ’ம் ரைட் ஹியர்.’ இடத்தைக் குறிக்கும் ‘தான்’ பெரும்பாலும் ‘ரைட்’ ஆகும்.

எதுக்கும் குடை எடுத்துக்கோ. ‘டேக் அன் அம்ப்ரெல்லா, ஜஸ்ட் இன் கேஸ்.’

அவன் சொல்றது எனக்குப் புரியவே மாட்டேங்குது. ‘ஐ ஜஸ்ட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் ஹிம்.’ ‘ஜஸ்ட்’ மறுப்புக்கு முன்னால் வந்திருப்பதைக் கவனியுங்கள்.

சார், கொஞ்சம் கையெழுத்துப் போடுங்க. ‘குட் யூ ப்ளீஸ் சைன் ஹியர், சார்?’ இங்கே ‘ஜஸ்ட்’ வேண்டாம்.

உங்களுக்கு என்னதான் பிரச்சினை? ‘ஜஸ்ட் வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?’ கேள்விச் சொல்லோடு வரும் ‘தான்’ இப்படி நேராக ‘ஜஸ்ட்’ ஆகும். ஆனால் தமிழில் இதை அக்கறையோடும் கேட்கலாம், கோபத்தோடும் கேட்கலாம். ஆங்கிலத்தில் அது சண்டைக்கான வாக்கியம் மட்டுமே. அக்கறையோடு கேட்கிறீர்கள் என்றால் ‘ஜஸ்ட்’டை விட்டுவிட்டு ‘வாட்’ஸ் ராங்?’ என்று கேளுங்கள்.